சேலத்தில் ஒரு பரீட்சை

கணவன் சாதிக் பாஷா கடையிலிருந்து வருவதற்குள், வீங்கிய கன்னத்தோடு தஸ்லீமா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்.

"ஏனுங்க, சோறும் ஆணமும் மூடி வச்சிருக்கேன். கொடுவாளை ஒளிச்சிட்டேன், தேடாதீங்க. நேத்து அதால லேப்டாப்பை வெட்டிப்போட்டு என்னையும் அறைஞ்சா பரீட்சை நின்னுரும்னு நெனச்சீங்க. அது ஊட்டுல எழுதறதில்லீங்க, சேலத்து சென்டர்ல எழுதறது. இந்தக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் சர்டிபிகேட் வாங்குனா காலேஜ்ல ரெண்டு பேப்பர் எழுதாமலே கிரெடிட் குடுப்பாங்க. பஸ்ஸுக்குப் போறேன். கடைக்குத் திரும்பறப்ப சாவியைப் பக்கத்து ஊட்டுக் கௌரி அக்காகிட்டக் குடுத்துருங்க."

அடியில் மிஞ்சிய இடுக்கில் நுணுக்கி எழுதினாள்:

"சென்டருக்குள்ள விடறதுக்கு முன்னால மூஞ்சியைப் போட்டோ எடுப்பாங்க. அந்தப் போட்டோ போட்ட மார்க் ஷீட்டைத்தான் காலேஜுல குடுக்கணும். பவுடர் போட்டு மறைக்கலீங்க. உங்க அஞ்சு வெரலும் அதுல தெளிவா விழும்."