எதுகை மட்டும் மிஞ்சியபோது

“உனக்குப் பயமா இருக்கா?” என்று நீ கேட்ட அன்று, ஆமாம் என்று நான் சொல்லவில்லை. உன் குரல் பதிவு வந்து விழும் ஒவ்வொரு முறையும் அதைத் திறப்பதற்கு முன் போனை ஒருமுறை கவிழ்த்து வைத்துவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை.

இன்று காலை பால் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண், “அர்தா லீட்டர் ஹாலு கொடி” என்றாள். ஹாலு என்றால் கன்னடத்தில் பால். பெங்களூரில் தினமும் காதில் விழுகிற பேச்சுதான். ஆனாலும் பால் வாங்காமலே அறைக்குத் திரும்பி வந்துவிட்டேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எதுகை விளையாட்டு உன் வேலை. ஓசூர் ரோட்டு நெரிசலில் ஆபீஸ் வண்டி நகராமல் நின்ற ஒரு மாலையில் ஆரம்பித்தாய். ஒருவர் குறிப்புச் சொல்ல வேண்டும். பதில், எதுகை பொருந்தும் இரண்டு சொற்களாக இருக்க வேண்டும். ‘வளைக்குள் ஒருத்தருக்கு உடம்பு முடியவில்லை’ என்றால் ‘எலி வலி’. ‘அம்மாவின் தங்கை உப்பு, புளி, காரம் தொடுவதில்லை’ என்றால் ‘சித்தி பத்தியம்’. பிறகு அதற்கென்று போனில் ஒரு குழுவே தொடங்கினாய். நீ, நான், உன்னோடு கல்லூரியில் படித்த மர்பி டவுன் ஜாஸ்மின், பொம்மசந்திராவில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற உன் சித்தப்பா மகன் சேகர். ஆங்கில எழுத்தில் தட்டினால் வலி எது, வழி எது என்று தெரியவில்லை என ஜாஸ்மின் சண்டை பிடித்தாள். அதனால் பதிலைக் குரலில்தான் அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது.

இன்னொரு விதி உனக்காகவே வந்தது: கன்னடம் கலந்தால் அவுட். ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள் நீ; ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியிலும் புகுந்து வெளியே வருவாய். ‘உற்றுப் பார்க்கிற பழம்’ என்ற குறிப்புக்குக் கொஞ்சமும் கூசாமல் ‘கண்ணு ஹண்ணு’ என்று பதில் அனுப்பினாய். ஹண்ணு என்றால் பழமாம். நாங்கள் கத்தியதற்கு, “எனக்கு ரெண்டு பாஷைடி, ரெண்டு டிக்‌ஷனரி. உங்களுக்கு வயித்தெரிச்சல்” என்றாய். ஏமாற்றும்போதெல்லாம் உனக்குச் சிரிப்பு முந்திக்கொள்ளும். பதிவு தொடங்கியதும் முதலில் அந்தக் களுக் சிரிப்பு கேட்கும், பிறகுதான் சொல் வரும்.

ஆபீஸ் மாடியில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னாய். தலைக்குள் இடப்பக்கம் ஒரு கட்டி. பேச்சு உண்டாகும் இடத்துக்குப் பக்கத்தில். இப்போதைக்கு மாத்திரை போதும் என்றாராம் டாக்டர். பேச்சில் எது மாறினாலும் உடனே வந்துவிட வேண்டுமாம். வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும் என்றாய். ஜாஸ்மினுக்கும் சேகருக்கும் சொல்லலாமே என்றேன்.

“வேணாம். பாவம் பாத்து விட்டுக்கொடுப்பாங்க. அப்புறம் நான் நல்லா ஆடுறேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. நீ கேட்டுட்டே இரு. மாறிச்சுன்னா மொகத்துக்கு நேரா சொல்லு.”

சரி என்றேன். அதற்குப் பிறகு நான் விளையாடவில்லை, காவல் இருந்தேன். நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாய், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறாய், ‘அது வந்து’ என்று எத்தனை தடவை சொல்கிறாய். இயர்போன் மாட்டிக்கொண்டு மெட்ரோவில் நின்றபடி கேட்பேன். நீ சரியாகச் சொன்ன நாட்களில், நிம்மதியில், இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப் போனதும் தெரியாது.

ஒரு நாள் சேகர், ‘பூனையின் பின்பக்கம் வெள்ளையாக நனைந்திருக்கிறது’ என்று போட்டான். பால் வால். குழந்தைக்குக்கூட வரும். உன் பதிவில் முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு “அது… அது…” என்றாய். பிறகு, “ஹாலு வாலு.”

ஜாஸ்மின் சிரித்து உருண்டாள். கன்னடக் கோஷ்டி அவுட் என்று சேகர் தீர்ப்பு எழுதினான். நான் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அதில் அந்தச் சிரிப்பு இல்லை. தனியாக உன்னிடம் கேட்டபோது சும்மாதான் என்றாய். உனக்கு அது சும்மாவாகவே பட்டிருக்கலாம். ஒரு மொழி கதவைச் சாத்தினால் இன்னொன்றின் வழியாக நுழைந்து வருவது உனக்குப் பழக்கம். பழக்கமாகச் செய்வதை யார் சந்தேகப்படுவார்கள்?

அடுத்த வாரம் ஜாஸ்மின் ‘கல்யாணப் புடவை கட்டிய உருண்டை’ என்று கேட்டாள். பதில் ‘பட்டு லட்டு’. நீ அனுப்பியது இது: “பட்டு… மட்டு… நட்டு.”

எதுகை கொஞ்சமும் பிசகவில்லை. அர்த்தம் மட்டும் இல்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. ஆள் போன பிறகும் வீட்டுக்குள் காற்றாடி சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்ததுபோல இருந்தது. குழுவில் அதற்குக் கீழே சேகரின் குரல் வந்து விழுந்தது: “இன்னாக்கா, நட்டு கழண்டுச்சா?”

அரை நாள் லீவு சொல்லிவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். அம்மா டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய். டம்ளரைக் காட்டினேன், சொன்னாய். ஜன்னலைக் காட்டினேன்; சொன்னாய். சுவரில் மாட்டியிருந்த சீப்பைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கை தலைமுடி வரை போய்க் கோதிக்காட்டியது. வாயில் ஒன்றும் வரவில்லை.

“தெரியுது. வாய்க்கு வரல” என்றாய்.

“மாறியிருக்கு. இன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும்” என்றேன். கொடுத்த வாக்கை அப்படிக் காப்பாற்றினேன். அப்போதுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

“எனக்கென்ன பயம்” என்றேன்.

நீ என்னை வெகுநேரம் பார்த்தாய். தேடுகிறாய் என்று தெரிந்தது. கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னாய்: “பொய்.”

சொல்லிவிட்டு, ஆட்டத்தில் செய்வதுபோலப் புருவத்தைத் தூக்கிக் காத்திருந்தாய். இரண்டாவது சொல்லை நான் போட வேண்டும். ஓர் எழுத்தை மாற்றினால் போதும், ‘மெய்’ வந்துவிடும். என் வாய்க்கும் வரவில்லை. ஆட்டோ பிடிக்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

ஆட்டோவில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாய். கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தாய். கன்னடப் பலகைகளையும்.

இப்போது சேகர் தன் அந்த ‘நட்டு’ பதிவை அழிக்கப் பார்த்து, முடியாமல் தவிக்கிறான். அவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்று நான் எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. என்னிடம் தங்கியிருப்பது பயம்தான். மீட்டிங்கில் எனக்கு ஒரு சொல் கொஞ்சம் தாமதித்தால், வந்ததும் அதை நோட்டில் எழுதி வைக்கிறேன். சாலையைக் கடக்க நிற்கும்போது கண்ணில் படுவதையெல்லாம் பெயர் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். மரம், கம்பம், நாய், பை. எல்லாம் வருகின்றன. வந்த பிறகும் பயம் போவதில்லை.

ஆட்டோவில் போன அன்று மாலையே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் நடந்தது. நீ கண் திறந்தாய், எங்கள் எல்லோரையும் அடையாளம் கண்டாய், பேச்சு வரவில்லை. அடுத்த வாரம் காய்ச்சல் கண்டது. வெள்ளிக்கிழமை மதியம், அம்மா கேன்டீனுக்குப் போயிருந்த நேரத்தில், நீ இறந்துபோனாய்.