பாபாவின் தாய்க்கு ஒரு போர்வை

தம்பிக்கு,

சலாம். அம்மா பழக்கிவிட்டுப் போனதால் சொல்கிறேன், மனசிலிருந்து இல்லை.

தர்காவில் பாபாவின் உரூஸ் விழா வருகிறது, போர்வை எங்கே என்று ஆள்மேல் ஆள் அனுப்புகிறாய். பாபா அடங்கியிருக்கும் கபருக்கு நம் வீட்டுப் பெண்கள்தான் போர்வை தைக்க வேண்டும். அதைப் போர்த்தும் அறைக்குள் மட்டும் பெண்கள் காலெடுத்து வைக்கக் கூடாது. நல்ல வழக்கம்!

அம்மா கண் மங்கும்வரை தைத்தாள். சாவதற்கு முன் ஒரே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்பட்டாள். தர்கா சாவி உன் கையில்தானே என்று நான் வந்து கேட்டேன். "ஊரே பாக்குது அக்கா, அப்புறம் முல்தான்ல நான் தலைகாட்ட வேண்டாமா?" என்றாய். அம்மா, "விடுடி, பாபாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாபாவுக்கு முதல் குருவே அவரைப் பெற்றவள்தான். "என்னை என் தாயின் காலடியில் புதையுங்கள்" என்று சொல்லித்தான் கண்ணை மூடினார். அதனால் அந்த அறைக்குள் இரண்டு கபர். போன வருஷம் கல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாபாவுக்குப் போர்வை விரிக்க, நீ அவர் தாயின் கபர்மேல் ஏறி நின்றாய். செருப்பைக் கழற்றியிருந்தாய், அந்த மரியாதை இருந்தது. அத்தனை ஆண்களில் ஒருத்தன்கூட உன்னைத் தடுக்கவில்லை.

போர்வை அனுப்பியிருக்கிறேன். அளவு குறைகிறதே என்று கத்தாதே. அது அந்தத் தாய்க்கு மட்டும். பாபாவுக்கு வேண்டுமென்றால் நீங்களே ஊசி பிடியுங்கள்.

அவள்மேல் அதை விரித்தபிறகு நீ எங்கே கால் வைக்கிறாய் என்று ஜன்னலில் நின்று பார்ப்பேன்.

உன் அக்கா