ஃபேனை நிறுத்திவிட்டுத் தேர்ந்தெடுத்த மதர்போர்டு

புது மதர்போர்டின் உறையைக் கிழித்ததும் வரும் அந்த வாசனை, போன வாரம் கடை முழுக்கப் பரவியது. பெட்டியைத் திறந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பவன் நீதான். இந்த முறை நான் முகர்ந்தேன். எனக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

போர்டு உன் மகள் மீனாவுக்கு. கட்டட வரைபடங்களை முப்பரிமாணப் படங்களாக்கித் தரும் வேலையில் அவளுக்கு முதல் ஆர்டர் கிடைத்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டரோ பாதி வேலையில் அணைந்துபோகிறது. "சித்தப்பா, நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றாள். நீ கண்ணை மூடிய பிறகு போர்டு தேர்ந்தெடுக்கும் வேலையை நான் தொடவே இல்லை. வருகிறவர்கள் கேட்டதை அப்படியே வாங்கிப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இது தப்பாகப் போனால் அவளுடைய முதல் வேலையே கெட்டுவிடும்.

இரண்டு போர்டுகளை வரவழைத்தேன். ஒன்று கல்யாண வீடு மாதிரி விளக்கெல்லாம் எரிவது. இன்னொன்று பார்வைக்குச் சோப்ளாங்கி. வேகத்தை அளக்கும் சோதனையை ஓட்டிப் பார்த்ததில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க். அப்போதுதான் உன் கிறுக்குத்தனம் ஞாபகம் வந்தது.

முதலியார்பேட்டையில் நாம் கடை போட்ட புதிதில், எந்தப் போர்டு வந்தாலும் மத்தியான வெயிலில் ஷட்டரைப் பாதி இறக்கி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் சோதிப்பாய். "ஏசி ரூம்ல வாங்குன மார்க்கு நமக்கு எதுக்குடா? நம்ம ஊரு மாடி ரூம்ல, மே மாசத்துல தாக்குப்பிடிக்குதா பாரு" என்பாய். வேர்த்து ஊற்ற, உன்னைத் திட்டிக்கொண்டே நானும் உட்கார்ந்திருப்பேன். தேங்காய்த்திட்டிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "கரண்ட் ஆபீசுக்கு நான் வேணா போன் போடட்டா தம்பி?" என்று கேட்டாரே! நீ கொஞ்சமும் சிரிக்காமல், "வேணாங்கண்ணா, உள்ள பரீட்ச நடக்குது" என்றாய்.

நானும் ஃபேனை நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் விளக்கு போர்டு திணறியது. பிராசசரின் வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் மேல் இருந்த பளபளப்பான மூடி வெறும் அழகுக்குத்தான் போலும். தொட்ட விரலைச் சுட்டது. மறுநாள் மத்தியானம் சோப்ளாங்கியை ஓட்டினேன். அதே இடத்தில் அதற்குச் சூட்டை இழுத்து வெளியேற்றும் கனமான அலுமினியக் கட்டி. வேகம் கொஞ்சமும் இறங்கவில்லை. பிற்பாடு மெமரி கூட்டவும் இன்னொரு டிஸ்க் சேர்க்கவும் இடம் இருந்தது. அதையே பூட்டி, மூலக்குளத்தில் அவள் மாடி அறையில் கொண்டுபோய் வைத்தேன்.

ஆனாலும் அவள் போன் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று கூப்பிட்டாள். "முடிச்சி அனுப்பிட்டேன் சித்தப்பா. ஒரு வாட்டிகூட நிக்கல." அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். உன்னோடு போய்விட்டது என்று நினைத்திருந்த வேலை, கொஞ்சம் என் கையிலும் தங்கியிருக்கிறது.

அவள் போனை வைக்கவில்லை. "அப்பா இருந்தாலும் இதத்தான் எடுத்திருப்பாரா?" என்று கேட்டாள்.

"ரெண்டையும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, இதத்தான் எடுத்திருப்பான்" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். நீ போனபின் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.