‘மைட்’ என்றால் பலம்

இன்று காலை உன் மகன் அனுப்பிய கருமாதிப் பத்திரிகை வந்தது. அதில் உன் படம். நரைத்த தலை, ஒட்டிய கன்னம். கண்ணை மட்டும் அடையாளம் தெரிந்தது. நான் அழவில்லை. உனக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று தோன்றியது.

ஆரணியில் அந்தப் பட்டுக்கடையில் நாம் இருவரும் டைப்பிஸ்டுகள். எழுபத்தேழாம் வருஷம். முதலாளிக்கு இங்கிலீஷ் வராது. வெளியூர்க் கடிதங்களைப் படித்து, தமிழில் சுருக்கம் டைப் செய்து அவர் மேசையில் வைப்பது நம் வேலை. நீ அவருக்குத் தூரத்துச் சொந்தம். நான் களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கி இடுப்பு போனவரின் மகள். ஆனாலும் மதியம் ஒரே டப்பாவில்தான் சாப்பிட்டோம்.

நான் தபாலாபீசுக்குப் போயிருந்த நேரத்தில் டில்லிக் கடிதம் வந்தது. அறுபது சேலைகளைப் பற்றி ‘வீ மைட் டேக் தெம் ஆல்’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவேளை எடுத்துக்கொள்வோம் என்று அர்த்தம். நான் பிறகு ஊகித்தபடி, நீ அகராதியில் ‘மைட்’ என்ற சொல்லைத் தேடி, முதலில் கண்ட ‘பெரும் பலம்’ என்ற பொருளோடு மூடிவிட்டாய். அதற்குக் கீழே இன்னொரு ‘மைட்’ இருந்ததை நீ பார்க்கவில்லை. ‘உறுதியாக எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்கள்’ என்று டைப் செய்து வைத்தாய். முதலாளி முள்ளிப்பட்டில் தறிக்காரர்களிடம் நெய்யச் சொல்லிப் பாவு நூல் கொடுத்துவிட்டார். சேலைகள் நெய்து முடிந்தபோது டில்லிக்காரர் வேண்டாம் என்றார்.

“இத யாரு டைப் பண்ணது?” என்று முதலாளி அந்தக் காகிதத்தை நீட்டினார்.

நீ என்னைப் பார்க்கவேயில்லை. “அவதாங்க” என்றாய்.

டைப் அடித்த தாளில் கையெழுத்து ஏது? நான் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவர், “பொய் வேற சொல்லிகினு நிக்காத. நாளைலேருந்து வராதம்மா” என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நீ மெஷினில் புதுத் தாள் செருகிக்கொண்டிருந்தாய்.

பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், கடையிலிருந்து துரத்தப்பட்ட பெண் வேண்டாம் என்று விலகினார்கள். இரண்டு வருஷம் அதே களம்பூர் மில்லில் வெயிலில் நெல் கிளறினேன். கிளறும்போதெல்லாம் உன் குரலில் அந்த ஒரு சொல் கேட்கும். அவதாங்க. அதைக் கேட்டுக்கொண்டேதான் பரீட்சைக்குப் படித்தேன். வந்தவாசியில் சர்க்கார் ஆபீசில் வேலை கிடைத்தது. பிறகு கல்யாணமும் ஆயிற்று.

எண்பத்துமூன்றில் நீ என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாய். கழுத்தில் தாலி இல்லை, இடுப்பில் குழந்தை.

“அவரு லாரில அடிபட்டுப் பூட்டாருடி. ஒரு ஸ்கூல்ல கிளார்க் வேலை கீது. கூட வேலை செஞ்சவங்க யாராச்சும் நல்லபடியா எழுதிக் குடுத்தா போதும்னாங்க. முதலாளியும் இப்ப இல்ல. உன்ன வுட்டா எனக்கு யாரு?”

பழையதைப் பற்றி ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன். பிறகு டைப் செய்தேன்: ‘ஷி மைட் பி ஹானஸ்ட்.’ இவள் ஒருவேளை நேர்மையானவளாக இருக்கலாம்.

நீ வாங்கிப் படித்தாய். ‘மைட்’ மேல் உன் விரல் நின்றது. நீ நிமிர்ந்து சிரித்தாய். “பலமா எழுதிக்கிறடி” என்றாய்.

ஆறு வருஷத்தில் அந்தச் சொல்லின் மறுபாதி உனக்குத் தெரியவே இல்லை. அந்த நொடியில் தாளைப் பிடுங்கிக் கிழித்திருக்கலாம். “ஜல்தியா போ, பஸ் போயிடும்” என்று அனுப்பிவைத்தேன். அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட நிறையச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாய். வேலை இல்லை என்று அனுப்பிய அந்தப் பள்ளியில் யாரோ உனக்குப் பொருள் சொல்லியிருந்தார்கள். இந்த முறை நீ உட்காரவில்லை.

“அன்னைக்கு நான் பயந்து சொன்னேன். எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு தெரிஞ்சிட்டா வேலை பூடுமேன்னு சொன்னேன். நீ யோசிச்சி எழுதிக்கிற.”

“ஆமா. யோசிச்சிதான் எழுதினேன்.”

நீ குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாய். அப்புறம் முள்ளிப்பட்டில் பட்டு நூல் சுற்றிப் பிள்ளையைக் காப்பாற்றினாய் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

நீ பயத்தில் செய்ததையும் நான் யோசித்துச் செய்ததையும் பல முறை எடைபோட்டுப் பார்த்துவிட்டேன். என் பக்கம்தான் கனம் என்று தெரிகிறது. தெரிந்தும் கோபம் இறங்கவில்லை. நீ அன்று கடையில் அந்த ‘அவதாங்க’வை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட இறங்கியிருக்குமோ என்னவோ.

பத்திரிகையைப் பார்த்து, “யாரும்மா இவங்க?” என்று என் மகள் கேட்டாள். “கூட வேலை செஞ்சவ” என்றேன். உன்னைப் பற்றி இதுவரை அவளிடம் ஒரு குறையும் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. இந்தக் கோபத்தை யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.