இரண்டாம் எண் விளக்கு

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மருமகளுக்கு,

உன் அத்தை எழுதிக்கொள்வது. உன் மாமாவும் நானும் நலம். உன் உடல்நலமும் பணியின் மேன்மையும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ ஒரு செய்தி சொன்னாய். உன்னுடன் பணிபுரியும் ஒருவர் உன்னை மணந்துகொள்ள விரும்புகிறார் என்றும், "நீங்க வேணாம்னா வேணாம் அத்தை, நீங்களே சொல்லுங்க" என்றும் சொன்னாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி, தொலைபேசியை உன் மாமாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் எதுவும் இல்லை. அதையும் அவர் அன்றே உன்னிடம் சொல்லியிருப்பார். அவர் வாயில் எதுதான் நிற்கும்?

அதற்கு வருமுன் வேறொன்றைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மறுநாள் ஓர் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கையில் என் மவுஸ் பழுதாகிவிட்டது. ஆய்வேட்டுக்கு உரியவரோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வேறு வழியின்றி அவனுடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். உன் கணவனாகிய என் மகன் மறைந்த பின் அந்த அறையைப் பெருக்குவதோடு சரி; எதையும் தொட்டதில்லை. அவனுடைய மடிக்கணினியை நீ எடுத்துச் சென்றாய். கம்பியில்லாத மவுஸ் மட்டும் இங்கே இருந்தது. மறந்துவிட்டாய் என்றே எண்ணியிருந்தேன். கையில் எடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் படும் இடம் வழவழவென்று தேய்ந்து இலேசாகக் குழிந்திருந்தது. நீ மறக்கவில்லை, எனக்காகவே விட்டுச் சென்றாய் என்று அப்போது விளங்கிற்று.

அவன் கணினியின் இயங்குதளம் வேறு, என்னுடையது வேறு. "உன் சிஸ்டத்துக்கு அது ஒத்துவராது, புதுசு வாங்கிக்கலாம் விடு" என்றார் உன் மாமா. பாதியில் பள்ளியை விட்டவளாயினும், கணினியை எவர் துணையுமின்றிக் கற்றவள் நான் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். "எலிகிட்ட காட்டுற பொறுமையில கொஞ்சம் என்கிட்டயும் காட்டலாம்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

மவுஸின் அடியில் ஒரு பொத்தானும், ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்ட சிறு விளக்குகளும் உள்ளன. உயிரூட்டியதும் இரண்டாம் எண் மினுக்கியது. செய்முறைக் குறிப்பைத் தேடிப் படித்தேன். ஒரே மவுஸ் மூன்று கணினிகளை நினைவில் வைத்திருக்குமாம். அவன் பயன்படுத்தியவை இரண்டு. முதலாவது அவனுடைய அலுவலகத்திற்கே திரும்பிவிட்டது. இரண்டாவது உன்னிடம் இருக்கிறது. அந்த விளக்கு மினுக்குவது, தன் கணினியைத் தேடுவதன் அடையாளம்.

கடல் கடந்து உன் மேசைமீது இருப்பதை அது இந்த அறைக்குள் தேடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அணைந்தது. இலேசாக அசைத்தேன், மறுபடியும் தேடத் தொடங்கியது. எத்தனை முறை அசைத்தேன் என்று கேட்காதே.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்த எண்ணிலுள்ள பழைய இணைப்பு அழிந்து, புதியதற்கு இடமாகும் என்று எழுதியிருந்தது. என் விரல் பொத்தான்மீதே நின்றுவிட்டது. அழுத்தவும் மனமில்லை, எடுக்கவும் மனமில்லை. குறிப்பின் அடுத்த பகுதியைப் பிறகுதான் படித்தேன். மூன்றாம் எண் காலியாக இருந்தது. அதில் என் கணினியைச் சேர்த்தேன். அம்புக்குறி நகர்ந்தது.

நகர்ந்ததே தவிர, சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு சொல்லைத் தொட்டால் சொல் பிடிபடாமல் ஏதோ ஒரு பட்டியல் விரிந்தது. மூட நினைத்தால் இன்னொன்று விரிந்தது. என் கணினியின் அமைப்புகள் அனைத்தையும் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அறையில் வேறு யாரோ இருந்து என் கையை மறுப்பதுபோல் இருந்தது. இத்தகைய பேச்சு எனக்குப் பிடிக்காது என்பதை நீ அறிவாய். ஆயினும் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் காதுகொடுத்துக் கேட்டேன்.

அச்சுப்பொறியைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். புதியவர், அவனை ஒருநாளும் கண்டதில்லை. மவுஸை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை வச்சிருந்தவர் இடதுகைக்காரராம்மா?" என்று கேட்டார்.

உன் மாமாதான், "ஆமா... இருந்தான்" என்றார். ஒருநாளும் அவ்வளவு குறைவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

இடது பொத்தானையும் வலது பொத்தானையும் மாற்றி, அதைக் கணினியில் வைக்காமல் மவுஸுக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கிறானாம். எந்தக் கணினியோடு சேர்த்தாலும் அது அவன் கைக்குத்தான் நடக்குமாம். "அழிச்சிடவாம்மா? ஒரு நிமிஷ வேலைதான்" என்றார் அவர். அச்சுப்பொறியை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நான் மவுஸை இடக்கையால் பிடிக்கிறேன். என் கட்டைவிரல் தானாகவே அந்தக் குழிவில் போய் அமர்கிறது. ஆய்வேடு இரு நாள் தாமதமாயிற்று, வசை கேட்டேன், பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் எண்ணில் என் வேலை குறைவின்றி நடக்கிறது. இரண்டாம் எண் இருந்தபடியே இருக்கிறது. ஒன்றைச் சேர்க்க இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை என்பதை, எதையும் தானே படித்துத் தெரிந்துகொள்பவள் என்று பெருமைப்படும் நான், இவ்வளவு பிந்திப் படித்தேன்.

உன்னை மணக்க விரும்பும் அவர் சதுரங்கம் ஆடுவாரா என்று உன் மாமா கேட்கச் சொல்கிறார். தோற்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது என்கிறார்.

எல்லா நலமும் பெற்று, நிறைந்த மனத்தோடு நீ வாழ வேண்டும். விடுப்பு கிடைக்கும்போது இந்த வீட்டிற்கு வா. அந்த மடிக்கணினியையும் எடுத்து வா. வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் இந்த மவுஸ் அடையாளம் கண்டுகொள்ளும்.

தனியாக மட்டும் வந்துவிடாதே, அம்மா.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தை