ஒஸ்கார் ஏழில் கில்பட்

2024 ஜனவரி 17
காலை பத்து மணிக்கு ஒஸ்கார்-7 செய்மதி தலைக்கு மேலே வந்தது. இருபது நிமிடம் ரேடியோவில் கூப்பிட்டேன். நண்பன் கில்பட் இல்லை. தொண்டை ஆபரேஷனோடு குரல் போனபின் மூன்று மாதமாக இல்லை.

நான் நுரைச்சோலையில், அவன் தலவிலவில். பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனாலும் 1450 கிலோமீற்றர் மேலே அனுப்பிக் கதைத்தால்தான் எங்களுக்குக் கதைத்த மாதிரி. எழுபத்தொன்பதில், நான் மன்னாரில் இருந்தபோது தொடங்கிய கிறுக்கு. எண்பத்தொன்றில் பற்றரி செத்துச் செய்மதி மௌனமானபோது கில்பட் மூன்று நாள் சவரம் செய்யவில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ரேடியோவையும் விட்டுவிட்டு ஓடிவந்த எனக்குத் தன் பழைய செட்டைத் தந்தவனும் அவன்தான். 2002இல் செய்மதி திரும்பப் பேசியது, பற்றரி இல்லாமல், வெயில் படும்போது மட்டும். என்ன சந்தோசம் அன்றைக்கு!

ஜனவரி 21
தலவில போனேன். சிலேட்டும் சோக்கும் கொண்டுபோனேன், நல்ல மனதோடுதான். கில்பட் பார்த்தான். எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் மனைவி மக்டலின் வாசல்வரை வந்தார். “எழுதித் தரவும் மாட்டாராம். இந்த வீட்டுல கதை பேச்சு இல்லாம மூணு மாசம், மர்ஸூக் அண்ணன்.”

ஜனவரி 22
என் மனைவி றம்லாவும் ஏசினாள், சிலேட்டுக் கொடுக்க அவர் என்ன சின்னப் பிள்ளையா என்று. மடையன் நான்.

பெப்ரவரி 2
குளிக்கும்போது உறைத்தது — மோர்ஸ்! விரலுக்கு என்ன குறை? புள்ளியும் கோடுமாகத் தட்டித்தானே இரண்டுபேரும் பழகினோம்? அலுமாரியிலிருந்து மோர்ஸ் தட்டும் கீயை எடுத்துத் துடைத்தேன். முதலில் நானும் குரலில் கதைப்பதை விடவேண்டும்.

பெப்ரவரி 8
தினமும் தட்டுகிறேன். பதில் இல்லை. கேட்கிறானா, அதுவும் தெரியாது.

பெப்ரவரி 11
வந்தது. முதலில் வெறும் புள்ளிகள். செய்மதியில் கதைக்கிறவன் தன் சத்தம் மேலே போய்த் திரும்பி வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பான். கில்பட் ஐந்து நிமிடம் அதையே செய்தான், தன்னைத் தானே கேட்டுக்கொண்டு. நான் குறுக்கிடவில்லை.

பிறகு தட்டினான்: “மச்சான், உன்ட தட்டுற கை படுமோசம்.”

யா அல்லாஹ். அழுதுவிட்டேன்.

பெப்ரவரி 18
தலவிலவில். கில்பட் மேசையில் விரலால் தட்டினான், மக்டலினுக்குக் கேட்க அதை நான் வாயால் சொன்னேன். பாதிக்குமேல் என்னைப் பற்றிய பகிடி. திடீரென்று நீளமாக ஒரு பெயரைத் தட்டினான்.

“உங்களத்தான் கூப்பிடுறான்,” என்றேன்.

மக்டலின் குசினியிலிருந்து ஈரக்கையோடு வந்தார். “ஓம், என்னப்பா?”

பிளேன்டீ வேண்டுமாம் என்றேன். அவர் போகவில்லை.

“என்ட பேர இன்னொருக்காத் தட்டச் சொல்லுங்க,” என்றார்.