தலையை விட்டு இறங்காத கை

அத்தான், முட்டுவலிக்குத் தடவலாமென்று இன்று காலை முறிவெண்ணெய்க் குப்பியைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். போலீஸ் அடித்த அன்று வர்ம ஆசான் உங்கள் முதுகில் தடவிய அதே எண்ணெய். கருங்கல் ஊர் முழுக்க அந்த வாடை அடித்தது என்று நான் சொல்வதுண்டு. நம் தெரு வரைக்கும் அடித்தது நிச்சயம்.

நாளை நாகர்கோவில் கோர்ட்டில் நான் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டும். போலீஸ் அடித்ததற்கு நஷ்டஈடு கேட்டு நீங்கள் போட்ட வழக்கை, நீங்கள் கண்ணை மூடிய பிறகு அக்காதான் நடத்துகிறாள். நான் எட்டாம் கிளாஸ் என்றாலும் சந்தையில் சட்டம் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. வக்கீல்களே என்னிடம் சந்தேகம் கேட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்த உங்களை, எவனோ ஒரு திருடன் என்று நினைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். பின்னாலேயே ஓடினேன். பாதி வழியில் ஜீப்பை முந்திவிட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷன் ஜன்னல் வழியாகப் பார்த்தது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது. சாயங்காலம், "ஆளு மாறிப்போச்சு, கூட்டிட்டுப் போ" என்றார்கள்.

அடிபட்டால் நம் பக்கத்தில் யார் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? வர்ம ஆசானிடம் தூக்கிக்கொண்டு போனோம். தடவினார், கட்டுப்போட்டார். சர்க்கார் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது. ஆசானும் இன்று இல்லை. மிச்சமிருப்பது என் கண் ஒன்றுதான்.

நம் வக்கீல் என் வாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். "கதை விடாமச் சொல்லுவீரா ஓய்? அவரு கை ஓங்கினாருன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும், போலீஸை அடிக்கப் போனவருன்னு ஆக்கிப்போடுவாவ. உம்ம அக்காளுக்கு ஒண்ணும் கிட்டாது."

நேற்று டீக்கடையில் ஒருவர் என்னை ஒட்டி உட்கார்ந்தார். சாதா உடுப்பு. உங்களை அடித்த இரண்டு பேரில் ஒருவர்.

"மாமா, முட்டு எப்படி இருக்கு? கோர்ட்டுல படி நெறைய உண்டு. பாத்து ஏறணும், கேட்டியளா."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவர் சிரித்தார்.

"உங்க அத்தான் லேசுப்பட்ட ஆளா? எங்க லத்தியையே பிடிச்சு நிறுத்தினாருல்லா? அதைக் கோர்ட்டுல சொல்லுங்க மாமா. அவரு வீரம் நாலு பேருக்குத் தெரியட்டும்."

"சொல்லும் ஓய், கேப்போம்" என்று கடைக்காரன் வேறு ஏற்றிவிட்டான்.

நாக்கு துள்ளியது அத்தான். லத்தியைப் பிடுங்கி முறித்து அதிலேயே பந்தல் போட்டீர்கள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்! "முட்டு வலிக்குது, போறேன்" என்று எழுந்துவிட்டேன். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது. இப்போதும் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் தாழிடுகிறேன்.

ஆசான் வீட்டில் குப்புறக் கிடந்தபடி நீங்கள் சொன்னீர்களே: "மக்கா, உன் கதையில ஆனைக்கும் றெக்கை மொளைக்கும். இதுல மட்டும் ஒண்ணும் சேக்காதடே. நடந்ததே போதும்."

அக்கா வேட்டியைத் தேய்த்து வைத்துவிட்டாள். குரல் நடுங்கினாலும் கூண்டில் ஏறி இவ்வளவுதான் சொல்வேன்: இரண்டு பேர் அடித்தார்கள். என் அத்தானின் இரண்டு கையும் அவர் தலைமேல் இருந்தன. கடைசி அடி வரை இறங்கவேயில்லை.